பாலத்தின் நடுவில் மாறும் வண்ணம்

சென்ற மாதம் என் பழைய மாணவி ஒருத்தி கணவரோடு வீட்டுக்கு வந்திருந்தாள். எங்கள் தோட்டத்துப் பால்வெட்டுக் குடும்பத்துப் பெண். இப்போது ஜோகூரில் தாதி. பல ஆண்டுகள் சேர்த்த பணத்தில் இருவரும் ஆளுக்கொரு முதுகுப்பையை மாட்டிக்கொண்டு தென் அமெரிக்காவைச் சுற்றி வந்திருக்கிறார்கள். "இந்தக் காசை வீட்டுக்கு முன்பணமாகக் கட்டியிருக்கலாமே" என்று லயத்தில் சிலர் பேசிக்கொண்டார்கள். நானும் மனத்துக்குள் அப்படித்தான் நினைத்தேன், மறைப்பானேன்?

"சார், ஓர் அருவியைப் பார்க்கக் காலையில் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போய், சாயந்திரமே திரும்பினோம்" என்று அவள் தொடங்கினாள்.

இகுவாசு அருவி அது. குவாரனிப் பழங்குடியினரின் மொழியில் 'பெரிய தண்ணீர்' என்று பொருள். பிரேசிலுக்கும் அர்ஜெண்டினாவுக்கும் நடுவே, காட்டுக்குள், ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர் அகலத்துக்கு ஆறு உடைந்து விழுகிறது. ஒன்றல்ல, ஏறத்தாழ 275 அருவிகள். மிக உயரமானது 80 மீட்டர். நம் ரப்பர் மரங்கள் மூன்று நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திய உயரம். பெரும்பாலானவை அர்ஜெண்டினா பக்கம்தான் விழுகின்றன. அதனால் எல்லாவற்றையும் ஒருசேரப் பார்க்கப் பிரேசில் பக்கம் நிற்க வேண்டும். கிட்டே போக வேண்டுமென்றால் எல்லை கடக்க வேண்டும்.

பிரேசிலில் ஃபோஸ் டோ இகுவாசு என்ற ஊரில் தங்கியிருந்தவர்கள் காலையில் சாதாரணப் பேருந்தில் ஏறினார்கள். பிரேசில் சாவடியில் முத்திரை வாங்க இறங்கினால் பேருந்து காத்திருக்காதாம். அடுத்த பேருந்துக்காக வெயிலில் நின்றார்கள். பிறகு 1985இல் திறந்த பாலம். கைப்பிடிச் சுவரில் பாதிவரை பச்சையும் மஞ்சளும். நடுவில் வந்ததும் நீலமும் வெள்ளையுமாக மாறிவிடுகிறது. அந்த நிறம் மாறும் இடந்தான் எல்லை. "ஆறு என்னவோ ஒன்றுதான் சார்" என்றாள்.

அப்புறம் இன்னொரு பேருந்து, காட்டுக்குள் ஒரு சின்ன ரயில், ஆற்றின் மேலேயே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடைபாலம். 2023 அக்டோபர் வெள்ளம் அந்த நடைபாலத்தைச் சேதப்படுத்தி, பிறகு சீராக்கினார்களாம். முடிவில் 'பேயின் தொண்டை' என்று பெயர் வைத்த பெரிய வீழ்ச்சி. பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. ஐந்து நிமிடத்தில் உடுப்பெல்லாம் நனைந்துவிடும். வழியில் நீண்ட மூக்குள்ள கோவாட்டி என்ற பிராணி வந்து கணவர் கையிலிருந்த ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியதை அவள் சொன்னபோது, அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"அங்கே ரப்பர் மரம் பார்த்தாயா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் இல்லையாம். அது வடக்கே, அமேசான் காட்டில். 1876இல் அங்கிருந்து விதைகள் லண்டனுக்குப் போயின. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து இறங்கின. அந்தக் கன்றுகளிடம் யாரும் பத்திரம் கேட்கவில்லை.

இதைச் சொன்னதும் அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகுதான் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். மகளின் கடப்பிதழை அம்மா பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்திருக்கிறார். பிரேசில் முத்திரைகள் இரண்டிலும் ஒரே தேதி. "காலையில் போய் சாயந்திரம் வந்ததுக்கா இது?" என்று கேட்டு விரலால் தடவினாராம். முன்பு நம் தோட்டத்தார் பேருந்து பேசி ஹாட்யாய் போனபோது, கால் வலி என்று அவர் மட்டும் தங்கிவிட்டார். எனக்கும் நினைவிருக்கிறது. "அது கால் வலி இல்லை சார். சிவப்பு அட்டை."

1960இல் இதே லயத்தில் பிறந்தவர். மெர்டேகாவுக்குப் பின், 1962 செப்டம்பர் முடியும்வரை மலாயா மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள் என்பது சட்டம். ஆனால் பிறந்ததைக் காட்டப் பத்திரம் வேண்டுமே. மருத்துவச்சி வந்து பார்த்த பிரசவம். தகப்பனார் பதியப் போகவில்லை. அந்த நாள் சம்பளம் போய்விடும். நிரந்தரவாசி அட்டையோடு முப்பது ஆண்டு பால்வெட்டினார். கடப்பிதழ் கிடைக்காது.

மறுநாள் பள்ளி அலமாரியைக் குடைந்தேன். கறையான் ஓரம் தின்ற 1967ஆம் ஆண்டுச் சேர்க்கைப் பதிவேடு கிடைத்தது. முதலாம் ஆண்டில் அவர் பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம், மூன்றும் தெளிவாக இருந்தன. யாரோ ஒரு பழைய தலைமையாசிரியரின் அழகான கையெழுத்து. இது ஒன்றே போதும் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் காட்டத்தக்க சான்று. பழைய செக்ரோல், தோட்ட ஆஸ்பத்திரி ஏடு, கூடப் பிறந்தவர்களின் பிறப்புப் பத்திரம் ஆகியவற்றையும் தேடிக்கொண்டிருக்கிறோம். உங்கள் வீட்டிலும் சிவப்பு அட்டைக்காரர் இருந்தால், அவர் படித்த பள்ளியில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பள்ளி மூடப்பட்டிருந்தால் ஏடு எங்கே போனதென்று விசாரியுங்கள்.

பிரதியைக் கொண்டுபோய் அந்த அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது.

"நம்ம தோட்டத்துப் பேரு போட்டிருக்கா சார்?"

"போட்டிருக்கும்மா" என்றேன்.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்திருக்கிறேன். ஏழு மணிப் பேருந்தில் போகிறோம்.