பலூ தம்பிக்கு ஒரு சிபாரிசு

விளம்பரத் தட்டி அடிக்கச் சொல்பவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். எத்தனை மொழியில் எழுதினாலும் எல்லா மொழிக்கும் ஒரே எடை கொடுங்கள். வங்கிக்காரன் எடை என்றதும் நகைக்கடன் ஞாபகம் வரவேண்டாம், எழுத்தின் எடையைத்தான் சொல்கிறேன் :-)

இங்கே மும்பையில் வங்கிக் கிளை என்றால் மராத்தி, இந்தி, ஆங்கிலம் மூன்றும் பலகையில் இருக்கும். தாராவி, மாட்டுங்கா பக்கம் முகாம் போட்டால் தமிழும் சேரும். எப்படிச் சேரும் என்பதுதான் என் வருத்தம். ஆங்கிலம் கொழுகொழுவென்று நடுவில் நிற்கும். தமிழ் ஒல்லியாக ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். தடிமனாக்கலாமே என்று 'போல்டு' பொத்தானை அமுக்கினால், அந்த எழுத்துருவுக்குத் தனியாகத் தடித்த வடிவம் இல்லாதபோது மென்பொருள் கோட்டை வீங்க வைத்துவிடும். ண, ஞ, இ எல்லாம் சுழி அடைத்து மைப்பொட்டு மாதிரி ஆகிவிடும். சேமிப்புக் கணக்கு தொடங்க வரவேண்டிய அம்மா அதைத் தாண்டிப் போய்விடுவார்.

இதற்கு மருந்து இதே மும்பையில்தான் தயாரானது. 'ஏக் டைப்' என்ற எழுத்துரு வடிவமைப்பாளர்கள் குழு செய்த 'பலூ'. கிப்ளிங்கின் ஜங்கிள் புக் (1894) கரடிக்கும் இதே பெயர்தான். எழுத்தும் கரடிக்குட்டி மாதிரியே இருக்கும்: கனமான உடம்பு, மழுங்கிய முனைகள், கொஞ்சம் குறும்பு. ஆனால் சுழிகள் அடைபடாது, தடிமனாகவே வரையப்பட்டது என்பதால்.

பெயர் வைத்த அழகைப் பாருங்கள். குஜராத்திக்கு பலூ பாய், பஞ்சாபிக்கு பாஜி, வங்காளத்துக்கு தா, மலையாளத்துக்கு சேட்டன், தெலுங்குக்கு தம்முடு, கன்னடத்துக்கு தம்மா, நமக்கு தம்பி. மலையாளிக்கு அண்ணன் பட்டம், நமக்குத் தம்பி பட்டமா என்று சண்டைக்குப் போகவேண்டாம். எல்லாரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒரே பருமன். தமிழோடு ஆங்கில எழுத்தும் அதே கோப்பில் இருப்பதால் இரண்டும் ஜோடி சேர்ந்து நிற்கும். கட்டற்ற உரிமத்தில் வருவதால் செலவுக் கணக்கில் பைசா எழுதவேண்டாம். காமர்ஸ் படித்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அதற்காக எல்லா இடத்திலும் பலூவைக் கொண்டுவந்து உட்காரவைக்காதீர்கள். குழந்தைகள் சேமிப்புத் திட்டம், பள்ளி விழா, இட்லிக் கடைப் பலகை, தள்ளுபடி அறிவிப்பு: தாராளமாக. தலைப்புக்கு மட்டும், நாலைந்து வார்த்தைக்குள். கடன் நிபந்தனைகளைப் பொடி எழுத்தில் இதில் அடித்தால் யாராலும் படிக்க முடியாது. படிக்க முடியாத நிபந்தனையில் கையெழுத்து வாங்குவது நியாயமில்லை. ஏல நோட்டீஸில் போட்டால் அதைவிட மோசம். வீட்டை இழக்கப் போகிறவர் முன்னால் எழுத்து சிரித்துக்கொண்டு நிற்கக்கூடாது.

தலைப்புக்குத் தம்பி, நிபந்தனைக்கு நிதானமான ஓர் எழுத்து. இரண்டிலும் தமிழ் ஆங்கிலத்துக்குச் சரிசமமாக. இவ்வளவுதான் கேட்கிறேன்.