மிருக வைத்திய ஆராய்ச்சியும் மனித உயிரும்

1998-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மலேசியாவின் ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைகளில் தலைகாட்டி, நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் வரையில் பரவிய மூளைக் காய்ச்சலை, கொசுவினால் வரும் ஜப்பானிய மூளைக் காய்ச்சலென்றே முதலில் கருதி, புகையடித்தும் தடுப்பூசி போட்டும் அதிகாரிகள் போராடினார்கள். ஆயினும், நோயுற்றவர்களில் பெரும்பாலோர் குழந்தைகளாக இராமல் பன்றிகளோடு நெருங்கி உழைத்த ஆண்களாக இருந்ததும், தடுப்பூசி போட்டவர்களும் படுக்கையில் விழுந்ததும், பன்றிகளே கடும் இருமலால் துன்புற்றதும் அந்த அபிப்பிராயத்துக்கு ஒத்துவரவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் பிரித்தெடுத்த கிருமி, உலகம் அதுவரை அறியாத நிப்பா. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கு வந்து, அதன் சுவாசப் பாதையில் பெருகி, மனிதனைத் தொட்டது. இந்நாட்டில் 265 பேர் நோயுற்று, 105 பேர் மாண்டனர். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன.

இது விதிவிலக்கான சம்பவமன்று. 1913-இலேயே கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில், கூண்டுகளிலிருந்த கினிப்பன்றிகளும் முயல்களும் மடிந்த காரணத்தை ஆராய்ச்சியாளர் பிளெட்சர் சிரத்தையோடு ஆராய்ந்ததன் தொடர்ச்சியாகவே, அவரும் சக ஆராய்ச்சியாளர் ஸ்டான்டனும் மெலியாய்டோசிஸ் என்ற மனித வியாதியை விளக்கினார்கள். பிராணியின் நோயைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கே மனிதனின் நோயும் விளங்கிற்று.

அத்தகைய பார்வையை முறையாகப் பயிற்றுவிக்கும் இடம் மிருக வைத்தியக் கல்லூரியின் ஆராய்ச்சிப் பிரிவாகும். செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் பிரிவில், நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், மருந்தியல் போன்ற துறைகளில் முதுகலைப் பட்டத்துக்கும் முனைவர் பட்டத்துக்கும் ஆராய்ச்சி செய்ய வழியிருக்கிறது. பிரிக்பீல்ட்ஸிலிருந்தோ கிள்ளானிலிருந்தோ அது தொலைவானதன்று. ஆனால் மகனோ மகளோ டாக்டராக வேண்டுமென்று கடன்பட்டும் படிக்க வைக்கும் நம் பெற்றோரின் மனத்துக்கு அது இன்னும் வெகுதொலைவில் இருக்கிறது. ‘மாட்டு டாக்டருக்கா படிக்கப் போகிறாய்?’ என்று கேட்டு, உயிரியலில் உண்மையான ஆர்வமுள்ள பிள்ளையின் மனத்தைத் திருப்பிவிடுகிறோம். தோட்டப்புறத்தில் மாடு வளர்த்துப் பால் விற்றுக் குடும்பங்களைக் காத்த சமூகத்துக்கு இந்த அலட்சியம் பொருந்தாது; மாட்டின் கருச்சிதைவு நோயும் காசநோயும் கறப்பவனையும் பால் குடிக்கும் குழந்தையையும் பற்றக்கூடியவை என்பதை அறிந்து ஆராய்பவன், ஆஸ்பத்திரியில் நாடி பார்ப்பவனுக்கு எவ்விதத்திலும் குறைந்தவனல்லன்.

ஆகவே, கல்வி நிதி வழங்கும் நம் சங்கங்கள் முதல் பட்டத்தோடு நின்றுவிடாமல் இத்துறை ஆராய்ச்சி மாணவர்களுக்கும் உபகாரச் சம்பளம் அளிக்க வேண்டும். அரசாங்கம், மனித வைத்தியக் கல்லூரியும் மிருக வைத்தியக் கல்லூரியும் ஒரே மாணவனைச் சேர்ந்து வழிநடத்தும் ஏற்பாட்டுக்கு நிலையான மானியம் ஒதுக்க வேண்டும். மிருக வைத்தியப் பட்டத்துக்கே ஐந்து ஆண்டுகள்; அதன்மேல் ஆராய்ச்சிப் பட்டங்களுக்குப் பல ஆண்டுகள். கொள்ளைநோய் வாசலுக்கு வந்தபின் அந்த ஆண்டுகளை எந்த நிதியாலும் விலைக்கு வாங்க இயலாதாகையால், செலவிட வேண்டிய காலம் நோயில்லாத இக்காலமே.