இடம் கூடியது, நேரம் கூடியதா?

குற்றாலத்திலே சாரல் இறங்கும் மாதமும் கல்லூரிகளிலே புதிய மாணவர் சேரும் மாதமும் ஒன்றே. ஜூன் பிறந்தால் அருவியைத் தேடி ஒரு கூட்டம் வருகிறது. கல்லூரியிலே ஓர் இடம் தேடி இன்னொரு கூட்டம் அலைகிறது. முதற் கூட்டத்திற்குத் தனி வண்டி உண்டு, விடுதி உண்டு, விளம்பரம் உண்டு. இரண்டாவது கூட்டத்திற்கு என்ன உண்டு? அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

தென்காசி வட்டாரத்துப் பிள்ளைகள் படிக்க முன்வந்துவிட்டார்கள். மகிழ்ச்சிக்குரிய செய்தி இது. 1964 ஆம் ஆண்டிலே குற்றாலத்தில் பராசக்தி மகளிர் கல்லூரி தோன்றியபோது, பெண்ணுக்குப் பட்டப்படிப்பு எதற்கு என்று கேட்டவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். இன்று சுரண்டையிலே அரசினர் கல்லூரி. கடையநல்லூரிலே, சங்கரன்கோவிலிலே அரசினர் கல்லூரி. ஆலங்குளத்திலே பெண்களுக்கென்றே ஓர் அரசினர் கல்லூரி. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமும் ஆயிற்று. 2021-22 ஆம் ஆண்டின் அகில இந்தியக் கணக்குப்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாடு முழுவதற்கும் 28.4, தமிழ்நாட்டுக்கோ 47. பீடித்தட்டை மடியில் வைத்துக் குனிந்து கிடந்த தாய்மார்களின் பெண்களும், தறியிலே நின்ற தகப்பன்மார்களின் பையன்களும் கல்லூரிப் படியேறியதால் வந்த உயர்வு அது.

2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் வந்தது. 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. மாதம் 1,000 ரூபாய் மாணவர் கைக்கே சென்றது. நல்லது, வரவேற்றோம். ஆனால் பணம் கொடுத்து அழைத்த பிள்ளையை உட்கார வைக்க வேண்டாமா?

விண்ணப்பங்கள் குவிந்த பின்னர் அரசினர் ஓர் ஆணை பிறப்பிப்பது அண்மை ஆண்டுகளில் வாடிக்கையாகிவிட்டது. அரசினர் கல்லூரிகளில் 20 சதவிகிதம், உதவி பெறும் கல்லூரிகளில் 15 சதவிகிதம், சுயநிதிக் கல்லூரிகளில் 10 சதவிகிதம் இடங்களைக் கூட்டிக்கொள்ளலாம் என்பதே அந்த ஆணை. கூட்டலை நாம் எதிர்க்கவில்லை. கூட்டிய கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள் என்றுதான் சொல்கிறோம்.

60 பேர் படிக்கும் வகுப்பு 72 பேர் வகுப்பாகிறது. துறைக்கு 12 பேர் அதிகம்; 10 துறைகள் இருந்தால் 120 பேர் அதிகம். இது முதலாண்டுக் கணக்கு. பட்டப்படிப்போ மூன்றாண்டு. ஆண்டுதோறும் இப்படியே சேர்த்துக்கொண்டு போனால், மூன்றாம் ஆண்டிலே கல்லூரிக்குள் 360 பேர் அதிகம்! அவர்களுக்குப் பெஞ்சு எங்கே? ஆய்வுக்கூடத்தில் மேசை எங்கே? கழிப்பறை எங்கே?

ஆசிரியர் கணக்கையும் பார்ப்போம். ஒரு வகுப்புக்கு வாரம் 30 மணி நேரம் பாடம். உதவிப் பேராசிரியர் ஒருவர் வாரத்துக்கு 16 மணி நேரம் பாடம் நடத்த வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த அளவு. நெரிசல் தாங்காமல் ஒரு வகுப்பை இரண்டாகப் பிரித்தால், கூடிய பிரிவுக்கு மட்டும் ஏறத்தாழ இரண்டு ஆசிரியர் வேண்டும். வந்தார்களா? 4,000 உதவிப் பேராசிரியர்களைத் தேர்ந்தெடுக்க 2024 மார்ச்சில் அறிவிக்கை வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் நடக்க வேண்டிய தேர்வோ தள்ளிப் போயிற்று. இடைவெளியைத் தோளில் சுமந்தவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று மானியக் குழு 2019 இல் சொன்னது. இங்கே 20,000 என்றும், பிறகு 25,000 என்றும் கொடுத்தார்கள். பெயரிலே கௌரவம்; பையிலே பாதி!

இதனினும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. அது நேரத்தைப் பற்றியது.

ஷிப்டு என்றால் என்ன என்பதை மில் தொழிலாளிக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 2006-07 இல் அரசினர் கல்லூரிகளிலும் ஷிப்டு வந்தது. அதே கட்டடத்தில் காலையிலே ஒரு கூட்டம், பிற்பகலிலே ஒரு கூட்டம். இடம் பெருகியது, பாதி நாள் வேலை, பாதி நாள் படிப்பு என்று ஏழைப் பையனுக்கு ஒரு வழியும் திறந்தது. குறைகளும் இருந்தன, பிற்பகல் வகுப்பு முடித்த பெண்பிள்ளை கிராமத்துக்குத் திரும்புமுன் இருட்டிவிடும். 2020 இல் பழையபடி ஒரே வேளை வகுப்பு என்று அரசினர் அறிவித்தனர். ஒரே வேளையானால் அறை இரட்டிப்பாக வேண்டும். இரு வேளையானால் ஆசிரியரும் பேருந்தும் இரு வேளைக்கும் வேண்டும். எந்த முறையானாலும் செலவு உண்டு. அந்தச் செலவை ஏழையின் தலையில் ஏற்றாதீர்கள் என்பதே நமது வாதம்.

அமெரிக்காவிலே 1901 இல் ஜோலியட் நகரில் தொடங்கிய கல்லூரியைச் சமுதாயக் கல்லூரிகளுக்கெல்லாம் முன்னோடி என்பார்கள். அத்தகைய கல்லூரிகளில் வேலைக்குப் போகிறவன் மாலையிலும் படிக்கலாம். தில்லியிலே தயாள் சிங் மாலைக் கல்லூரி 1958 இலேயே வந்தது. சமுதாயக் கல்லூரி என்ற பெயர் புதுச்சேரியில் 1995 இலும் சென்னையில் 1996 இலும் வந்து சேர்ந்தது. பெயர் வந்ததால் பயனில்லை. உழைப்பவன் ஓய்ந்த வேளையிலே கதவு திறந்திருக்க வேண்டும்.

தென்காசியின் நிலைமை என்ன? சீசன் மூன்று மாதம்தான். ஆட்டோ ஓட்டுவதும், விடுதியிலே வேலை செய்வதும், பழக்கடையிலே நிற்பதும் அந்த மூன்று மாதத்தில் நாலு காசு பார்ப்பதற்காகவே. அதே வேளையில்தான் முதலாண்டு வகுப்பு தொடங்குகிறது. வருகைப் பதிவு 75 சதவிகிதம் இல்லையென்றால் தேர்வுக்குத் தடை! சோற்றுக்குப் போனால் படிப்பு போகும். படிப்புக்குப் போனால் சோறு போகும். மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்து 2021 மே மாதம் வந்தது. ஆனால் வகுப்பு முடியும் வேளைக்கு அந்தப் பேருந்து வந்தால்தானே பயன்?

ஆகவே நாம் கேட்பவை ஐந்து. அடுத்த ஆண்டுக்கு எத்தனை இடம் என்பதைப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். தேர்வெழுதும் பிள்ளைகளின் எண்ணிக்கை உங்கள் கையிலேயே இருக்கிறது. இடத்தைக் கூட்டும் ஆணையிலேயே அறையையும் ஆசிரியரையும் எழுதுங்கள். மாவட்டத்தில் ஒரு கல்லூரியிலாவது, உழைப்போருக்கென்று மாலை வகுப்பை நிலையான ஆசிரியர்களோடு நடத்துங்கள். சீசனில் விட்ட பாடத்தைச் சனிக்கிழமைகளில் ஈடு செய்யவும், அது வருகைப் பதிவில் சேரவும் வழி செய்யுங்கள். கால அட்டவணை போடும் நாளிலே பேருந்துப் பணிமனை அதிகாரியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

தோழர்களுக்கும் வேலை இருக்கிறது. இலஞ்சி, மேலகரம், செங்கோட்டை, பாவூர்சத்திரம் பேருந்து நிறுத்தங்களில் ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் நில்லுங்கள். எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை பிள்ளைகள் ஏற முடியாமல் நிற்கிறார்கள், வேலைக்குப் போவதால் படிப்பை விட்டவர் எத்தனை பேர் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல் கல்லூரி முதல்வரிடமும் மாவட்ட ஆட்சித் தலைவரிடமும் போய்ச் சேர வேண்டும். அடுத்த விண்ணப்பம் வருவதற்கு முன்பே சேர வேண்டும்.