ரெண்டு இன்ச்

ஒரு விமானப் படம். இறக்கை, வால், நடு உடம்பு எல்லாம் சிவப்புப் புள்ளி. எஞ்சின் பக்கம் மட்டும் புள்ளியே இருக்காது. இதை நீங்க குறைஞ்சது பத்து தடவையாவது பார்த்திருப்பீங்க. டேட்டா சயின்ஸ் வொர்க்‌ஷாப்ல முதல் ஸ்லைடே அதுதான்.

கதையும் தெரியும். இரண்டாம் உலகப்போர். திரும்பி வந்த விமானங்களில் எங்கே ஓட்டை விழுந்திருக்கோ அங்கே கவசம் போடலாம்னு ராணுவம் நினைச்சதாம். "இல்லை, ஓட்டை இல்லாத இடத்தில் போடுங்க, ஏன்னா அங்கே அடிபட்டது திரும்பியே வரலை"ன்னு ஆபிரகாம் வால்ட் சொன்னாராம். எல்லாரும் கைதட்டுவோம். அடுத்த ஸ்லைடு.

வால்ட் பெரிய மூளைதான், அதில் சந்தேகமே வேண்டாம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த புள்ளியியல் குழுவில் உட்கார்ந்து அவர் போட்ட கணக்கு நிஜம். அந்தப் புள்ளிப் படம் மட்டும் பிற்காலத்தில் யாரோ விளக்கத்துக்காக வரைஞ்சது. இன்னொரு விஷயம் தெரியுமா? 1950 டிசம்பரில் இந்தியாவில் விரிவுரை தர வந்தவர், விமான விபத்தில் நம்ம நீலகிரி மலையில்தான் இறந்தார்.

என் வாதம் வேற. அந்தக் கதையில் விமானம் இருக்கு, ஓட்டை இருக்கு, கணக்கு இருக்கு. உள்ளே இருந்த மனுஷன்தான் இல்லை. என்ஜினியரிங் படிக்கிற நமக்கு அந்தப் படத்தைவிட, அதே போரில் நடந்த ஒரு கதவுக் கதைதான் முக்கியம்னு நான் சொல்றேன்.

முதல்ல உள்ளே யார் இருந்தாங்கன்னு பாருங்க. பிரிட்டனின் பாம்பர் கமாண்ட். ராத்திரி நேரத்தில் ஜெர்மனி மேல் குண்டு போடப் போற படை. அதோட முக்கிய விமானம் லான்காஸ்டர். அதில் ஏழு பேர்: பைலட், ஃப்ளைட் என்ஜினியர், நேவிகேட்டர், குண்டை இலக்கு பார்த்துப் போடுறவர், வயர்லெஸ் ஆபரேட்டர், முதுகிலும் வாலிலும் ஆளுக்கொரு துப்பாக்கிக்காரர். பெரும்பாலானவங்களுக்கு இருபது, இருபத்திரண்டு வயசு. நம்ம செட்டு. டீம் சேர்த்த விதம்கூட நம்ம ப்ராஜெக்ட் டீம் மாதிரிதான். பயிற்சி முகாமில் ஒரு பெரிய கொட்டகையில் எல்லாரையும் விட்டு, "நீங்களே ஆள் பிடிச்சுக்கோங்க"ன்னு சொல்லிடுவாங்க. முகத்தைப் பார்த்து, ரெண்டு வார்த்தை பேசி, "நீ என்கூட வர்றியா?" அவ்வளவுதான். அப்படிச் சேர்ந்தவங்கதான் ஒண்ணா பறந்தாங்க, பல பேர் ஒண்ணாவே செத்தாங்க.

ஒரு சுற்றுக்கு 30 தாக்குதல். அதை முடிச்சா ஓய்வு. ஒரு தாக்குதலுக்கு 4 சதவீத விமானம் திரும்பலைன்னு வச்சுக்கோங்க. கேக்க சின்ன நம்பர்தான். கால்குலேட்டரை எடுத்து 0.96-ஐ 30 தடவை பெருக்குங்க. 0.29 வரும். அதாவது பத்துல மூணு பேர்தான் சுற்றை முடிப்பாங்க. இது சராசரிக் கணக்கு. 1944 மார்ச் 30 ராத்திரி நியூரெம்பெர்க் போன 795 விமானங்களில் 95 திரும்பலை. போர் முடிஞ்சு எண்ணிப் பார்த்தப்போ, சுமார் 1,25,000 பேர் பறந்த படையில் 55,573 பேர் செத்திருந்தாங்க.

இப்போ கதவுக்கு வருவோம். கேம்பிரிட்ஜில் கணக்கு படிச்ச ஃப்ரீமன் டைசன்னு ஒரு பையன், 1943-ல் பாம்பர் கமாண்டின் ஆராய்ச்சிப் பிரிவில் சேர்ந்தார். வயசு 19. பிற்காலத்தில் பெரிய இயற்பியலாளர் ஆன அதே டைசன்தான். அவரும் கூட வேலை பார்த்தவங்களும் ஒரு கேள்வி கேட்டாங்க: விமானம் சுடப்பட்டா, உள்ளே இருக்கிறவங்கள்ல எத்தனை பேர் பாராசூட்டில் குதிச்சுப் பிழைக்கிறாங்க? ஹாலிஃபாக்ஸ், ஸ்டர்லிங் மாதிரி மற்ற ராத்திரி விமானங்களில் சுமார் 25 சதவீதம். லான்காஸ்டரில் 15 சதவீதம்.

அதே வானம், அதே எதிரி, அதே பயிற்சி. அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? லான்காஸ்டர் மூக்குப் பகுதியின் தரையில் இருந்த அவசர வழியின் அகலம் 22 இன்ச். ஹாலிஃபாக்ஸைவிட ரெண்டு இன்ச் கம்மி.

ரெண்டு இன்ச்தானேன்னு தோணும். ஆனா யோசிங்க. கும்மிருட்டு. விமானம் எரியுது, சுத்திக்கிட்டே விழுது. தடிமனான பறக்கும் உடை, மார்பில் மாட்டின பாராசூட் மூட்டை. நடுப்பகுதியில் இருக்கிறவர் குறுக்கே போகும் இறக்கைச் சட்டத்தை ஏறித் தாண்டணும். வால் துப்பாக்கிக்காரரோட பாராசூட் அவர் கூண்டுக்கு வெளியே தொங்குது, கதவைத் திறந்து கைநீட்டி எடுக்கணும். எல்லாரும் குதிக்கிற வரை விமானத்தை நேரா பிடிச்சிருக்க வேண்டியது பைலட். இத்தனைக்கும் இருக்கிறது சில நொடி. அப்போ அந்த ரெண்டு இன்ச் எவ்வளவு பெருசு?

இதில் வேடிக்கை என்னன்னா, லான்காஸ்டர் மோசமான டிசைனே இல்லை. ஹாலிஃபாக்ஸைவிட அதிக குண்டு தூக்கும், உயரமாகப் பறக்கும், சுடப்படுறதும் கம்மி. ஸ்பெக் ஷீட்டில் எல்லாத்திலும் டிஸ்டிங்ஷன். விழுந்தா ஆள் எப்படி வெளியே வருவான்கிறதுக்குத்தான் அந்த ஷீட்டில் கட்டமே இல்லை. கதவைப் பெருசாக்கணும்னு டைசனோட சகா ஒருத்தர் விடாமல் போராடினார். அதிகாரிகள் ஒத்துக்கிட்டு வேலை நடக்கிறதுக்குள்ள போர் முடியும் கட்டத்துக்கு வந்துடுச்சு.

அதே சமயம், அந்த அமைப்பு வேற ஒண்ணை மட்டும் ரொம்ப வேகமா அளந்துச்சு: ஆட்களோட மனசை. இனிமேல் என்னால பறக்க முடியாதுன்னு, டாக்டர் ஒத்துக்கிற நோய் எதுவும் இல்லாமல், ஒருத்தர் சொன்னா "லாக் ஆஃப் மாரல் ஃபைபர்", அதாவது மன உறுதி இல்லாதவன்னு முத்திரை குத்த வழி இருந்தது. நெஞ்சில் குத்தின சிறகுப் பட்டையைப் பிடுங்குவாங்க. பதவியும் போகலாம். இத்தனைக்கும் அந்த விமானக் குழுவினர் எல்லாரும் தானா முன்வந்து சேர்ந்தவங்க. இருபது தடவை போயிட்டு வந்து இருபத்தொண்ணாவது தடவை கை நடுங்கினவனுக்கும் அதே பேர்தான்.

கதவை மாத்த வருஷக்கணக்கு. மனுஷனுக்குப் பட்டம் கட்ட ஒரு கையெழுத்து. எனக்குக் கோபம் வர்ற இடம் இதுதான். டிசைன்ல தப்பு இருந்தா திருத்த காசு, நேரம், மேலிடத்து அனுமதி எல்லாம் வேணும். ஆள் மேல பழி போட எதுவும் வேணாம்.

"குண்டு போட்டு ஊரை எரிச்சவங்களுக்கா பாஸ் இவ்வளவு இரக்கம்?"னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. 1943 ஜூலையில் ஹாம்பர்க் எரிஞ்சப்போ 30,000-க்கும் மேற்பட்ட மக்கள் செத்தாங்க. பல பேர் பாதாள அறையில் இருந்தவங்க. அதை மறைச்சுட்டு இந்தப் பசங்களை ஹீரோ ஆக்கச் சொல்லலை. ஆனா இலக்கைத் தேர்ந்தெடுத்தது அந்த ஏழு பேர் இல்லை. கதவோட அகலத்தைத் தேர்ந்தெடுத்ததும் அவங்க இல்லை. கீழே இருந்தவங்களும் சரி, மேலே இருந்தவங்களும் சரி, தலைமையக மேஜையில் வெறும் எண்தான். ஒரு பக்கத்தை எண்ணா பார்க்கப் பழகின கண்ணு, இன்னொரு பக்கத்தையும் அப்படித்தான் பார்க்கும்.

"போர்க்காலம், அவசரம், என்ன பண்ண முடியும்?"னும் சொல்லலாம். அவசரம்தான். ஆனா அதே அவசரத்தில் புது ரேடார் வந்துச்சு, புது குண்டு வந்துச்சு. முடியாததால கதவு தள்ளிப் போகலை. அதைக் கேட்க அதிகாரம் உள்ளவங்க யாரும் அந்த ஓட்டை வழியா குதிக்க வேண்டியதில்லை, அதான்.

இன்னும் சில மாசத்தில் நாமளும் வேலைக்குப் போயிடுவோம். நம்மகிட்டயும் ஸ்பெக் ஷீட் கொடுப்பாங்க. வேகம் எவ்வளவு, விலை எவ்வளவு, எடை எவ்வளவு, எல்லாத்துக்கும் கட்டம் இருக்கும். "இது கெட்டுப்போனா உள்ளே இருக்கிறவர் எப்படி வெளியே வருவார்?"னு ஒரு கட்டத்தை நாமதான் பேனாவால கீழே வரைஞ்சு சேர்க்கணும். அதை ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்லயே ஆரம்பிக்கலாம். ஒரே ஒரு பக்கம் போதும். மார்க் வராமல் போகலாம், பரவாயில்லை.

அடுத்த தடவை யாராவது அந்தப் புள்ளி வச்ச படத்தைத் திரையில் போட்டா, கைதட்டுங்க, வேணாம்னு சொல்லலை. தட்டி முடிச்சதும் கையைத் தூக்கி ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "சார், அதுக்குள்ள இருந்தவங்க எந்த வழியா வெளியே வந்தாங்க?"