பழைய டிரான்ஸ்மிட்டரைக் குடையாதீர்கள், வோல்டேஜைப் பாருங்கள்

மிச்சிகன் ஏரியின் தென்கிழக்குக் கரையில் பென்டன் ஹார்பர் என்றொரு சிற்றூர். ஹீத்கிட் நிறுவனம் அங்கிருந்துதான் 1950களில் வால்வு, டிரான்ஸ்ஃபார்மர், கையேடு எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு அமெரிக்கா முழுக்க அனுப்பியது. வாங்கியவர் தானே சால்டர் வைத்து டிரான்ஸ்மிட்டரைக் கட்டிக்கொள்ள வேண்டும். அப்படி யாரோ கட்டிய டிஎக்ஸ்-100 ஒன்று என் மேசையில் இருக்கிறது. ஏறக்குறைய 45 கிலோ கனம். கடைசிக் கட்டத்தில் இரண்டு 6146 வால்வுகள். இன்றும் கணீரென்று பேசுகிறது.

இந்த மாதிரி செட் கைக்கு வந்ததும் ஹாம்கள் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் பலர் பவர் சப்ளையைத்தான் முதலில் பிடுங்குகிறார்கள். டயோடும் மாஸ்ஃபெட்டும் வைத்து, உள்ளே இருக்கும் எல்லா வோல்டேஜையும் அசையாமல் நிறுத்திவிடத் துடிக்கிறார்கள். அவர்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் எது அசையக்கூடாது, எது அசைந்தால் பரவாயில்லை என்று பார்க்காமல் சேஸியில் ஓட்டை போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கோவையில் மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் வளர்ந்தவன் நான். லோ வோல்டேஜில் கருகி வந்த மோட்டார்களைப் பிரித்துத்தான் தொழில் கற்றேன். வோல்டேஜ் என் கவலைகளில் சின்னதல்ல.

மோர்ஸ் சாவியை அழுத்தியதும் 6146 வால்வுகள் மின்னோட்டத்தை அள்ளி இழுக்கும். சுமார் 700 வோல்ட்டில் நின்ற ஹைவோல்டேஜ் சட்டென்று இறங்கும். பத்து சதவீதம் இறங்கியதாகவே வைத்துக்கொள்வோம். சிக்னலில் குறைவது ஒரு டெசிபல்கூட இல்லை. மறுமுனையில் கேட்பவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அலைவரிசையைத் தீர்மானிக்கும் ஆஸிலேட்டருக்குப் போகிற 150 வோல்ட் கொஞ்சம் ஆடினாலும் அலைவரிசையே நகர்ந்துவிடும். மோர்ஸின் ஒவ்வொரு நீண்ட 'டா' ஒலியும் ஒரு சுருதியில் தொடங்கி இன்னொன்றில் முடியும். ஹாம்கள் இதைச் சிர்ப் என்பார்கள். பழைய செட்டுக்கு அதுதான் அழகு என்று சொல்வோரும் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. நெரிசலான அலைவரிசையில் நம் சிக்னல் வழுக்கினால் பக்கத்தில் பேசுகிறவருக்கு இடைஞ்சல்.

இந்த ஆட்டத்தை நிறுத்தத்தான் அன்றைய பொறியாளர்கள் 0ஏ2 என்ற சின்னக் கண்ணாடிக் குழாயை வைத்தார்கள். சூடேற்றும் இழை அதில் கிடையாது, வாயுதான். 5 முதல் 30 மில்லிஆம்பியர் வரை மின்னோட்டம் எப்படி மாறினாலும் 150 வோல்ட்டை ஏறத்தாழ அப்படியே பிடித்து வைக்கும். ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடை மாட்டி, அறை விளக்கை அணைத்துவிட்டுச் சாவியை அழுத்துங்கள். ஒரு கை பையிலேயே இருக்கட்டும், திறந்த பெட்டிக்குள் இருப்பது உயிரை எடுக்கும் வோல்டேஜ். குழாயின் ஊதா ஒளி நிலையாக நின்றால் நல்லது. சாவியை அழுத்தும்போதெல்லாம் மங்கி அணைந்து, விட்டதும் திரும்பி வந்தால், குழாய்க்குப் போதிய மின்னோட்டம் கிடைக்கவில்லை. அதற்கு முன்னால் இருக்கும் ரெசிஸ்டரை அளந்து பாருங்கள். பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் வயதாக ஆக மதிப்பு ஏறிக்கொண்டே போகும். அது சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் வற்றிப்போன ஃபில்டர் கண்டென்சர்கள் மேல். பெரும்பாலும் இந்த இரண்டையும் மாற்றினாலே சிர்ப் அடங்கிவிடும். மாஸ்ஃபெட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

ரெக்டிஃபையர் வால்வைக் கழற்றிவிட்டுச் சிலிக்கான் டயோடு செருகுவதும் ஒரு பழக்கமாகிவிட்டது. வால்வில் 50 வோல்ட்டையொட்டி வீணாகும், டயோடில் ஒரு வோல்ட்தான். ரெகுலேஷன் கூடும் என்பது உண்மையே. ஆனால் மிச்சமான அந்த 50 வோல்ட்டும் பழைய கண்டென்சர்களின் தலையில்தான் ஏறும். 5வி4 போன்ற ரெக்டிஃபையர் வால்வு சூடாகி வேலையைத் தொடங்கச் சில நொடிகள் ஆகும். அதற்குள் மற்ற வால்வுகளும் சூடாகிவிடும். டயோடு அந்த அவகாசத்தைத் தராது, ஸ்விட்சைப் போட்ட கணமே முழு வோல்டேஜையும் தள்ளிவிடும்.

பலர் பார்க்க மறப்பது சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டை. அந்தக் காலக் கருவிகளை 110 முதல் 117 வோல்ட்டைக் கணக்கில் வைத்துச் செய்தார்கள். அமெரிக்காவில் இன்றைய நிர்ணயம் 120, இங்கே என் வீட்டு மீட்டர் 123 காட்டுகிறது. அதனால் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 6.6 போகிறது, ஹைவோல்டேஜும் அதே விகிதத்தில் ஏறுகிறது. ஊரில் ஃபிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் வைப்பது போல இதற்கும் வெளியிலேயே ஒரு ஏற்பாடு போதும். 5 ஆம்பியர் தாங்கும் 6.3 வோல்ட் ஹீட்டர் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை எடுத்து, அதன் பிரைமரியை லைனில் மாட்டி, செகண்டரியை லைனோடு எதிர் முகமாகத் தொடரில் சேர்த்துவிட வேண்டும். 123 இறங்கி 116 சொச்சத்தில் நிற்கும். செட்டை மாட்டுவதற்கு முன் மீட்டர் வைத்துப் பாருங்கள். 129 காட்டினால் முனைகளை மாற்றிப் போட வேண்டும், பட்டறையில் காயிலுக்குப் போலாரிட்டி பார்ப்பதும் இதே வேலைதான். டிரான்ஸ்மிட்டரில் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவில்லை. நாளைக்கு வேண்டாமென்றால் கழற்றி வைத்துவிடலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்தியாவில் 807 வால்வு வைத்து வீட்டிலேயே கட்டிய டிரான்ஸ்மிட்டர்கள் இன்னும் சில பரண்களில் இருக்கின்றன. அவற்றுக்கும் இதே வரிசைதான்: முதலில் லைன் வோல்டேஜ், பிறகு ஆஸிலேட்டர், கடைசியாகத்தான் ஹைவோல்டேஜ்.

ஜனவரி 1 அன்று, கையால் அழுத்தும் சாவியில் மோர்ஸ் பேசும் அமெரிக்க ஹாம்களின் ஸ்ட்ரெயிட் கீ நைட் வரும். பழைய செட்கள் பல அன்று உயிர்பெறும். அதற்கு முன் ப்ளீடர் ரெசிஸ்டரையும் சோதித்துவிடுங்கள். ஸ்விட்சை அணைத்த பிறகு கண்டென்சரில் தேங்கும் மின்சாரத்தை வடிப்பது அதுதான். அது அறுந்திருந்தால் அணைத்த பெட்டியும் ஆளை அடிக்கும். எதை மாற்றினாலும், எந்த இடம், என்ன மதிப்பு, என்றைக்கு என்று ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவையுங்கள்.