பீரோவுக்குள்ள கிடக்கிற அந்த டைட் சாக்ஸ்

1/ ஜவுளிக்கடையில் நின்னே வேலை பார்க்கிற பெண்கள் கிளினிக்கில் அடிக்கடி சொல்றது: "டாக்டர், அந்த டைட் சாக்ஸ் போட்டுப் பார்த்தேன், வலி ஜாஸ்திதான் ஆச்சு. பீரோவுல தூக்கிப் போட்டுட்டேன்." தப்பு அவங்க மேல இல்லைங்க. நம்ம மேல.

2/ "நரம்பு சுருட்டல்"னு சொல்றோமே, அது நரம்பே இல்லை. ரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரை. நடக்கும்போது கெண்டைக்கால் சதை பம்ப் மாதிரி ரத்தத்தை மேலே தள்ளும். ஒரே இடத்துல நின்னா பம்ப் ஓடாது, ரத்தம் கீழேயே தேங்கும்.

3/ கம்ப்ரஷன் சாக்ஸ் கணுக்காலில் இறுக்கமாகவும், மேலே போகப் போக லேசாகவும் அழுத்தணும். அதுக்கு காலையில், வீக்கம் ஏறும் முன், கணுக்காலையும் கெண்டைக்காலையும் டேப் வெச்சு அளக்கணும். நாம என்ன பண்றோம்? டாக்டர் சீட்டுல "ஸ்டாக்கிங்ஸ்"னு ஒரே வார்த்தை, எவ்வளவு அழுத்தம்னு கிடையாது. கடைக்காரர் ஆளைப் பார்த்து "மீடியம் போதும்மா" என்கிறார். ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கிற ஊர்ல, மருத்துவத்துக்கு அளவு வேண்டாமா?

4/ இன்னொரு ஆபத்து. சர்க்கரை நோயாளிகள், புகைப்பவர்கள், கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் வலிப்பவர்கள்: பாதத்தில் நாடித்துடிப்பு பார்க்காமல் இதைப் போடவே கூடாது. காலுக்கு வரும் ரத்தமே குறைவா இருந்தா, இறுக்கிப் பிடிக்கிற சாக்ஸ் புண்ணில் கொண்டுபோய் விடும். ஆன்லைன்ல வாங்குறவங்களுக்கு இதை யார் சொல்றா?

5/ போடும் முறையையும் யாரும் சொல்றதில்லை. நானே சொல்றேன்.
காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன் போடுங்க. குதிகால் வரை உள்பக்கம் வெளியே திருப்பி, பாதத்தை நுழைச்சு, சுருக்கம் இல்லாம மேலே ஏத்துங்க. மேல் விளிம்பை மடிச்சு விட்டா அது சாக்ஸ் இல்லை, காலில் கட்டின கயிறு. ராத்திரி கழட்டிடுங்க. தேங்காய் எண்ணெய் அப்போ தடவுங்க, போடும் முன் வேண்டாம்.
தினமும் மிதமான சோப்பில் கையால் அலசுங்க. முறுக்கிப் பிழியாதீங்க, நிழலில் காய வைங்க. வெயிலும் சூடும் எலாஸ்டிக்கைக் கொன்னுடும். ரெண்டு ஜோடி இருந்தா மாத்திக்கலாம். ஆறு மாசத்துல பிடிப்பு தளர்ந்துடும், புதுசு வாங்கணும்.

6/ இவ்வளவும் சரியா செஞ்சாலும், நாள் முழுக்க நிக்க வைக்கிறதுக்கு சாக்ஸ் பரிகாரம் ஆகாது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தரணும்னு கேரளத்தில் 2018-லும், தமிழ்நாட்டில் 2021-லும் சட்டம் திருத்தியாச்சு. இருக்கை என்பது முதலாளியின் கருணை இல்லை. சட்டம்.

7/ அடுத்த தடவை புடவை எடுக்கப் போனா, விரிச்சுக் காட்டுற பொண்ணுக்குப் பின்னாடி ஒரு ஸ்டூல் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா, பில் போடும்போது முதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. அவங்க கேட்டா வேலை போகும். நீங்க கேட்டா வியாபாரம் போகுமேன்னு யோசிப்பார்.