புள்ளியியல் மேற்படிப்பும் ஆசிரியர் கடமையும்

புள்ளியியல், தரவு அறிவியல், கணிப்பொறி அறிவியல் ஆகிய துறைகளில் மேற்படிப்பை நாடும் மாணாக்கர் இன்று நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் உளர். விண்ணப்பம் என்றவுடன் படிவத்தை நிரப்புதல், கட்டணம் செலுத்துதல், சான்றிதழ்களை இணைத்தல் ஆகியவையே பெரும்பாலோர் நினைவுக்கு வருகின்றன. ஆயின், ஒரு மாணவனுக்கு இடம் கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் பெரும்பாலும் படிவம் நிரப்பும் நாளுக்கு ஈராண்டுகள் முன்பே தீர்மானமாகிவிடுகின்றன. அத்தீர்மானத்தில் பெற்றோரைவிடவும் ஆசிரியருக்கே பங்கு மிகுதி.

முதலாவது காரணம் காலக் கணக்கு. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களின் முதுநிலை அறிவியல் வகுப்புகளுக்கான 'ஜாம்' பொதுத் தேர்வு வழக்கமாகப் பிப்ரவரித் திங்களில் நடைபெறுகிறது. அதற்கு விண்ணப்பம் பெறும் காலமோ அதற்கு முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. கணிப்பொறி அறிவியல் முதலிய துறைகளுக்கான 'கேட்' தேர்வும் ஏறக்குறைய அக்காலத்ததே. இத்தேர்வில் புள்ளியியல் தனித்தாளாக 2019ஆம் ஆண்டிலும், தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்த தாள் 2024ஆம் ஆண்டிலும் சேர்க்கப்பட்டன. மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் முதுநிலை வகுப்புகளுக்கு 2022 முதல் ஒரு பொது நுழைவுத் தேர்வு நடத்தப்பட்டு வருகிறது. இந்தியப் புள்ளியியல் நிலையம் தனக்கெனத் தனித் தேர்வு வைத்துள்ளது. பட்டத் தேர்வு எழுதி முடித்தபின் மேற்படிப்பைப் பற்றி எண்ணத் தொடங்கும் மாணவனுக்கு இவ்வாயில்களில் பெரும்பாலானவை அடைபட்டுவிடுகின்றன. நகரத்து மாணவனுக்கு இச்செய்தியைச் சொல்ல அண்ணனோ, அண்டை வீட்டாரோ, பயிற்சிக் கூடமோ உண்டு. சிற்றூர்க் கல்லூரியில் பயிலும் மாணவிக்கு ஆசிரியரை விட்டால் வேறு எவரும் இலர். ஆசிரியர் சொல்லாதவிடத்து ஓர் ஆண்டு வீணாகிறது. குடும்பநிலை இடம் தராத இல்லங்களில் படிப்பே நின்றுவிடுகிறது.

இரண்டாவது காரணம் அடிப்படைக் கல்வி. இத்துறைகளின் நுழைவுத் தேர்வுகளில் முதன்மையாகச் சோதிக்கப்படுவது கணிதம். வரம்புகள், தொடர்கள், அணிகள், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு ஆகியவற்றில் ஆழ்ந்த பயிற்சி இன்றியமையாதது. இந்தியப் புள்ளியியல் நிலையத்தின் தேர்வில் சரியான விடையைத் தெரிவு செய்யும் பகுதியோடு, காரணங்காட்டி விரிவாக எழுத வேண்டிய பகுதியும் இடம்பெற்று வந்துள்ளது. சூத்திரங்களை மனப்பாடம் செய்தவன் முதற்பகுதியில் ஓரளவு தேறலாம். இரண்டாம் பகுதியில் அவன் தடுமாறுவான். ஒரு முடிவு ஏன் உண்மை என நிறுவிக் காட்டும் பழக்கம் மூன்று திங்களில் வருவதன்று. வகுப்பறையில் நாள்தோறும் 'ஏன்' என்ற வினா எழுந்தால்தான் அது வரும்.

இங்கு ஒரு மயக்கத்தைக் களைதல் வேண்டும். தரவு அறிவியல் என்னும் புதுப்பெயரைக் கண்டு, கணிப்பொறி மொழி ஒன்றைக் கற்றுச் சில சான்றிதழ்களைப் பெற்றால் போதும் என மாணாக்கர் பலர் நம்புகின்றனர். நிரல் எழுதும் திறன் தேவையே. எனினும், கணிப்பொறி தரும் விடை நம்பத்தக்கதா என ஆராயும் அறிவைப் புள்ளியியலும் நிகழ்தகவுமே அளிக்கின்றன. ஆகவே, படிப்பின் பெயரைப் பார்த்து விண்ணப்பிப்பதைவிட, அதன் பாடத்திட்டத்தில் எவை உள்ளன என்று பார்த்து விண்ணப்பிப்பதே அறிவுடைமை. பாடத்திட்டத்தைப் படித்துப் பொருள் கூறும் பணியும் ஆசிரியருடையதே.

கணிதத்தில் உறுதி பெற்றவர் புள்ளியியலில் எவ்வளவு தொலைவு செல்ல இயலும் என்பதற்குச் சி. ஆர். ராவ் அவர்களின் வாழ்க்கை தக்க சான்று. ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்ற அவர், 1941ஆம் ஆண்டில் கல்கத்தாவிலிருந்த இந்தியப் புள்ளியியல் நிலையத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார். அதே ஆண்டில் கல்கத்தாப் பல்கலைக்கழகம் புள்ளியியலில் முதுகலை வகுப்பைத் தொடங்கியது. 1943இல் ராவ் அப்பட்டத்தைப் பெற்றார். பிற்காலத்தில் உலகப் புகழ் எய்தி, 2023ஆம் ஆண்டில் புள்ளியியலுக்கான பன்னாட்டுப் பரிசும் பெற்று, அவ்வாண்டிலேயே மறைந்தார்.

கணிதம் அடித்தளமே, அதனோடு முடிந்துவிடுவதில்லை. எண்கள் எவ்வாறு பிறக்கின்றன என்னும் அறிவும் சேர்ந்தாலன்றிப் புள்ளியியல் நிறைவு பெறாது. இவ்விடத்தில்தான் களப்பணியாளரின் அனுபவம் வகுப்பறைக்குள் வர வேண்டும். பயிர் அறுவடைப் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். 1940களில் வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய பி. வி. சுகாத்மே, பரிசோதனைக்கு மிகச் சிறிய துண்டுகளைப் பயன்படுத்தினால் விளைச்சல் உள்ளதைவிட மிகுதியாகத் தோன்றும் என்பதை எடுத்துக்காட்டினார். எல்லைக்கோட்டின்மேல் நிற்கும் பயிரை உள்ளே சேர்த்துக்கொள்ளும் போக்கு அறுவடை செய்வோரிடம் இருப்பதே இதற்குக் காரணம். ஒரு மீட்டர் சதுரத்தில் ஒவ்வொரு பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் வெளியே சென்றுவிட்டால், பரப்பு 1 சதுர மீட்டருக்குப் பதில் 1.21 ஆகிறது, பிழை நூற்றுக்கு 21. அதே தவறு ஐந்து மீட்டர் சதுரத்தில் நேர்ந்தால் 25 சதுர மீட்டர் 26.01 ஆகிறது, பிழை நூற்றுக்கு 4 மட்டுமே. துண்டுகளின் எண்ணிக்கையைப் பன்மடங்கு பெருக்கினாலும் இப்பிழை நீங்காது. ஏனெனில், எல்லாத் துண்டுகளிலும் அது ஒரே திசையில் நிகழ்கிறது.

இவ்வுண்மையை வயலில் நேரே கண்டு, கணக்கிட்டும் காட்டத் தெரிந்த மாணவி, மாதிரிக் கூறெடுப்பின் உயிர்நாடியை அறிந்தவள் ஆவாள். பெருந்தொகையான தரவு இருந்தால் பிழை தானே மறையும் என்ற எண்ணம் இன்று பரவலாக உள்ளது. அதற்கு மறுமொழி அவ்வயல் வரப்பிலேயே கிடைக்கிறது. 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு முதல் இன்றைய கணக்கெடுப்புகள் வரை, வீடு வீடாகச் சென்று வினவும் பணியாளர்கள் இத்தகைய பாடங்கள் பலவற்றை அறிவார்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அவர்கள் அருகிலுள்ள கல்லூரிக்குச் சென்று, தம் படிவங்களையும் அவற்றில் நேரும் இடர்ப்பாடுகளையும் விளக்குவார்களாயின், அது எந்தப் பயிற்சிக் கூடமும் தர இயலாத கல்வியாகும்.

விண்ணப்பத்தோடு நோக்க அறிக்கையும் பரிந்துரைக் கடிதங்களும் கோரும் நிறுவனங்கள் உண்டு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இது பொது வழக்கம். இளமை முதலே இத்துறையில் பேரார்வம் கொண்டவன் என்று தொடங்கும் அறிக்கைகள் ஒன்றுபோல் இருப்பதால் படிப்பவர் மனத்தில் நிற்பதில்லை. தான் கண்ட ஒரு சிக்கல், அதை ஆராய்ந்த முறை, விடை கிடைக்காத பகுதி ஆகியவற்றை எளிய நடையில் கூறும் அறிக்கையே மதிப்புப் பெறும். பரிந்துரைக் கடிதத்திற்கும் இதுவே விதி. எல்லா மாணாக்கருக்கும் ஒரே வாசகத்தைப் பெயர் மாற்றி எழுதித் தருவதும், மாணவனையே எழுதி வரச் சொல்லிக் கையொப்பம் இடுவதும் நம் கல்லூரிகளில் காணப்படும் வழக்கங்கள். இவற்றால் நல்ல மாணவனுக்கே கேடு விளைகிறது. அவன் எந்தக் கணக்கை எவ்வாறு தீர்த்தான், எங்கே தவறித் தானே திருத்திக்கொண்டான் என்று நான்கு வரி எழுதினால், பத்து வரிப் புகழுரையைவிட அது பயன் தரும்.

பொருள் வசதி இல்லை என்பதனாலேயே விண்ணப்பிக்காமல் நின்றுவிடும் மாணாக்கரும் உளர். இந்தியப் புள்ளியியல் நிலையம் நெடுங்காலமாகத் தன் மாணாக்கருக்கு மாத உதவித்தொகை வழங்கி வந்துள்ளது. புதுதில்லியிலுள்ள இந்திய வேளாண் புள்ளியியல் ஆராய்ச்சி நிலையத்தில் வேளாண் புள்ளியியல், கணிப்பொறிப் பயன்பாடு, உயிரித் தகவலியல் ஆகியவற்றில் மேற்படிப்பு உண்டு. அதை அறிந்த மாணாக்கர் சிலரே. 1961இல் அமைக்கப்பட்ட இந்தியப் புள்ளியியல் பணியும் இத்துறை பயின்றோருக்குத் திறந்த வாயிலாகும். தகுதி, கட்டணம், உதவித்தொகை பற்றிய விதிகள் மாறக்கூடியவை. ஆகவே, கேள்விச் செய்தியை நம்பாது அவ்வவ்வாண்டின் அறிவிப்பையே படித்தறிதல் வேண்டும்.

இவற்றைச் செய்வதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒவ்வொரு கல்லூரியிலும் ஓர் ஆசிரியர் இப்பொறுப்பை ஏற்று, இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே தேர்வுகளின் காலப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் இடலாம். முந்தைய வினாத்தாள்களை எடுத்து வாரம் ஒருமுறை மாணாக்கரோடு அமர்ந்து தீர்க்கலாம். மேனிலைப்பள்ளி ஆசிரியர்கள், கணிதம் கைவரும் மாணவியரிடம் பொறியியலும் மருத்துவமும் தவிர இவ்வழியும் உண்டெனச் சொல்லலாம்.

நாட்டின் மழை, விளைச்சல், நோய், வேலை, வருவாய் அனைத்தும் எண்களாகி, அவ்வெண்களின் மேல் திட்டங்கள் எழுகின்றன. அவற்றை ஆராய்வோர் அனைவரும் வயலையும் சிற்றூரையும் காணாதவர்களாகவே இருந்துவிட்டால், எண்ணில் உள்ள பிழையை உணர்வார் இலராவர். சிற்றூர் மாணாக்கர் இத்துறையில் இடம் பெறுவது அவர்தம் நலனுக்கு மட்டுமன்றி, நாட்டுக் கணக்கின் நேர்மைக்கும் வேண்டுவதாகும்.